வேரிங்ஹவுஸில் பழுது கிடையாது

எங்கள் ஆலன்ஃபெல்ஸில் வழிபாட்டுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஆற்றோரத் தேவாலயத்துக்குக் கிறிஸ்துமஸ் அன்று போவோம். குன்றின்மேல் இருக்கும் வேரிங்ஹவுஸ் கேமராத் தொழிற்சாலையை மற்ற எல்லா நாட்களும் அண்ணாந்து பார்ப்போம். தேவாலயத்தில் சந்தேகம் கேட்டால் பாதிரியார் காப்பி ஊற்றிக்கொடுத்துப் பதில் சொல்வார். குன்றின்மேல் போய்ச் சந்தேகம் கேட்ட ஒரே ஆள் உடோ ரைன்ஷ்தான்.

உடோ நகராட்சி நீச்சல்குளத்தின் காவலன். ஓடாதே, தள்ளாதே, குதிக்காதே என்று பலகையில் எழுதியிருப்பதை விசில் ஊதிச் சொல்வது அவன் வேலை. பலகையில் எழுதியிருந்தால் எதையும் நம்புகிறவன். அவன் மனைவி இல்கா சனிக்கிழமைச் சந்தையில் சீஸ் விற்பவள். எதையும் நம்பாதவள். ஒரு துண்டு சீஸ் வாங்கப் போனால் மூன்று துண்டும் இரண்டு ஏச்சும் வாங்கிக்கொண்டுதான் வருவோம். அவள் சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். அதற்காகவே ஏச்சு வாங்கியவர்கள் ஊரில் உண்டு.

அந்தக் கோடையில் இல்காவின் வலது தாடையில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இலையுதிர் காலத்தில் தாடை எலும்பை வெட்டியெடுத்துவிட்டு, காலிலிருந்து ஓர் எலும்பை எடுத்து வைத்துத் தைப்பதாக முடிவானது. டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். உயிர் இருக்கும், முகம் இதுவாக இருக்காது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் இல்கா கேட்டாள்: "உடோ, இந்த மூஞ்சிய ஒரு தடவ ஒழுங்கா படம் புடிச்சு வையேன். அப்புறம் நீ ஆசப்பட்டாலும் கெடைக்காது."

"புடிச்சுட்டாப் போச்சு."

"போன்லயே எடு. போதும்."

"போன்லயா? உங்கப்பாவோட லென்ஸ் அலமாரியில இருக்கு. அத வெச்சுக்கிட்டு போன்ல எடுப்பாங்களா? உங்கப்பா எந்திரிச்சு வந்து என்னக் கேக்கமாட்டாரு?"

இல்காவின் அப்பா ஆயுள் முழுக்கக் குன்றின்மேல் கண்ணாடி தேய்த்தவர். ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு ஒரு லென்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். அதை மாட்டுவதற்குக் கேமராவும் வேண்டும் என்பது கொடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த லென்ஸ் வேரிங்ஹவுஸ் கேமராவைத் தவிர வேறெதிலும் பொருந்தாது. புதுக் கேமரா வாங்க வேண்டுமானால் உடோ நீச்சல்குளத்தை விற்க வேண்டும். ஆகவே பழையது வாங்கப் போனான்.

பழைய கேமரா விற்கிறவர் லாம்பிரெக்ட். கிர்ஹ்காஸே தெருவில் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் டிஜிட்டல் கேமராவைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"இத ஒரு வக்கீலு வெச்சிருந்தாரு உடோ. வாங்குன நாள்லேந்து அலமாரியிலதான். ஒரு படம் எடுத்ததில்ல மனுஷன். அவ்ளோ மரியாத."

"எடுக்காமலே இருந்தா உள்ள ஏதாச்சும் கெட்டுப் போயிருக்காதா?"

லாம்பிரெக்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பழைய காரு வாங்குறப்ப டயர ஒதச்சுப் பாக்குறோம். வேரிங்ஹவுஸ ஒதப்பியா நீ?"

"ஐயோ, மாட்டேன்."

"அப்ப கேக்காத."

"உத்தரவாதம் உண்டுங்களா?"

"உண்டே. நான் நேர்மையானவங்கிறதுக்கு உத்தரவாதம் உண்டு."

அந்த வகைக் கேமராவில், படம் வந்து விழுகிற சென்சாருக்கு மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி, ஈரக் காற்றுப் பட்டால் நாளாவட்டத்தில் அரித்துப்போகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் தொழிற்சாலையே இலவசமாக மாற்றிக்கொடுத்தது. பிறகு அப்படி ஒன்று நடந்ததையே மறந்துவிட்டது. ஊரும் கூடவே மறந்தது. பாதிரியார் குடிப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை யாராவது அவரிடம் கேட்கிறோமா? சென்சாரை மாற்றியிருக்கிறார்களா என்று உடோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் லாம்பிரெக்ட் பொய் சொல்லியிருக்கமாட்டார். கடையை மூடும் நேரமாகிவிட்டது என்றிருப்பார்.

மறுநாள் தோட்டத்தில் பிளம் மரத்தடியில் இல்காவை நிற்கவைத்தான். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் சாளரத்தில் பார்த்தால் ஒரே முகம் இரண்டு நிழலாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் முகம் துல்லியமாக விழ வேண்டும். உடோ இரண்டு இல்காக்களையும் பொறுமையாக ஒன்றாக்கினான். படம் வந்தது. முகம் பனிமூட்டம். இடது காது மட்டும் கல்லில் செதுக்கியதுபோல இருந்தது.

"எங்காது இவ்ளோ அழகுன்னு இத்தன வருஷமா நீ சொல்லவே இல்லியே" என்றாள் இல்கா.

உடோ லென்ஸின் துளையைச் சுருக்கினான். துளை சுருங்கினால் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழும், தூரம் கொஞ்சம் பிசகினாலும் தெரியாது. இந்த முறை முகம் தெளிவாக விழுந்தது. கூடவே வானத்திலும் மரத்திலும் முகத்திலும், எண்ணெய் தெறித்ததுபோல வட்டவட்டமான கறைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வளையம். ஆகப் பெரிய கறை இல்காவின் வலது தாடைமேல் உட்கார்ந்திருந்தது.

இல்கா வெகுநேரம் அதைப் பார்த்தாள். "டாக்டருக்கே இவ்ளோ தெளிவா எடம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பிளம் பொறுக்கப் போய்விட்டாள்.

உடோ குன்றேறினான்.

வேரிங்ஹவுஸில் பழுதுபார்க்கும் இடம் என்று ஒன்று கிடையாது. வாடிக்கையாளர் மாளிகை என்று ஒன்று உண்டு. அங்கே உடோவுக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்தார்கள். கேமராவை வெல்வெட் மெத்தையில் வைத்தார்கள். உடோவை அதைவிடத் தாழ்வான முக்காலியில் உட்காரவைத்தார்கள். வரவேற்புப் பெண் குனிந்து பரிவோடு கேட்டாள்: "என்ன பண்ணுது?"

"மனசு கொஞ்சம் சரியில்ல. வீட்ல அவளுக்கு..."

"உங்களுக்கு இல்ல. இவருக்கு."

"ஓ. பழுதாயிடுச்சுங்க."

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டு நின்றது. "மிஸ்டர் ரைன்ஷ், இந்த மாளிகையில அந்த வார்த்த இல்ல. 'நடத்தை'ன்னு சொல்லுங்க" என்றாள் வரவேற்புப் பெண்.

நடத்தையில் இரண்டு கோளாறு என்பதால் இரண்டு துறை. கீழே தூரத் துறை. அதன் தலைவர் புர்க்ஹார்ட், நாற்பது வருடமாக ஒரே சுவரைப் பார்த்து அளந்துகொண்டிருக்கும் மனிதர். கேமராவைச் சுவருக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கேமரா தூரத்தச் சரியாத்தான் சொல்லுது. உங்க சம்சாரம் நின்ன எடந்தான் தப்பு. ஒரு சாண் பின்னால நின்னிருக்கணும்."

"அவ நிக்கிற எடத்துக்குக் கேமரா வரவேண்டாமுங்களா?"

"வேரிங்ஹவுஸ் யாருகிட்டயும் போறதில்ல. வருவாங்க." அவர் கனிவாகவே சொன்னார். "ஆனாலும் ஒரு வழி சொல்றேன். துளையச் சுருக்குங்க. எல்லாம் தெளிஞ்சிரும்."

"சுருக்குனா கறை தெரியுதுங்களே."

"கறை மாடியில."

மாடியில் ஒளித் துறை. அதன் தலைவி டாக்டர் தீலன் படத்தைப் பார்த்ததும் பரவசமானார். "எவ்ளோ அழகான முதிர்ச்சி! மிஸ்டர் ரைன்ஷ், இதப் போயி அரிப்புன்னா சொல்றீங்க? ஒயினு முதிருது, சீஸு முதிருது. எங்க சென்சாரும் முதிருது."

"எம் பொண்டாட்டி சீஸ்தான் விக்கிறா. பூஞ்ச புடிச்சா வெட்டி எறிஞ்சிருவா."

"உங்களுக்குப் பிடிக்கலேன்னா துளைய நல்லா விரிங்க. முதிர்ச்சி கண்ணுக்குத் தெரியாது."

"விரிச்சா காதுதாங்க தெரியுது."

"காது கீழ."

கீழே புர்க்ஹார்ட், ஒளித் துறை கேமரா நலம் என்று சொல்லாமல் தூரத்தைத் திருத்த முடியாது என்றார். மேலே தீலன், தூரம் திருத்தாத கேமராவின் ஒளியைத் தொடுவது மரபல்ல என்றார். ஒரு குறைக்கு இன்னொரு குறை காவல் நின்றது. உடோ மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் கோடை கழிந்தது. படியில் எதிர்ப்பட்ட வயதான தோட்டக்காரர் அவனைப் புது ஊழியர் என்று நினைத்து வணக்கம் வைக்கத் தொடங்கினார்.

சென்சாரை மாற்றிவிடுங்களேன் என்று உடோ ஒருநாள் கேட்டே விட்டான். தீலன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்கள நம்பிச் சொல்றேன். அந்தச் சென்சாரு செய்யுறத நிறுத்தியாச்சு. மிச்சமிருக்கிறத பத்திரமா வெச்சிருக்கோம். கேமராவப் பயன்படுத்தாதவங்களுக்காக."

"பயன்படுத்தாதவங்களுக்கு எதுக்குங்க?"

"பயன்படுத்துறவங்களுக்குக் குடுத்தா தீந்துடும்ல? நீங்க என்ன, நீச்சக்குளத்துல இருக்கீங்க. தண்ணிக்குள்ள எல்லாரையும் எறக்கிவிட்டா தண்ணி அழுக்காகாது?"

"அம்மா, அவளுக்கு அடுத்த மாசம் தாடைய எடுக்கப்போறாங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு படம் எடுக்கணும். அவ்ளோதான்."

தீலன் அவன் கைமேல் கைவைத்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது என்று உடோ பிற்பாடு எங்களிடம் சொன்னான்.

"அடடா. ஆபரேஷனத் தள்ளிப்போட முடியாதா? எங்ககிட்ட வரிச கொஞ்சம் நீளம். கட்டி எப்படி, சட்டுனு வளர்றதா? எங்க அரிப்புகூட மெதுவாத்தான் பரவும். யாரும் அவசரப்படுறதில்ல."

வரிசையில் இடம் பிடிப்பதற்கே 'உறவு மாலை' என்னும் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். போனான். கேமரா வைத்திருப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் எப்போது சந்தேகப்பட்டோம் என்று ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எழுந்தார்.

"ஈஸ்டர் அன்னிக்கு எம் பேத்திய எடுத்தேன். கேமரா அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. அப்ப ஒரு நிமிஷம்... தப்பா நெனச்சிட்டேன்."

"இப்ப?" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

"இப்ப படமே எடுக்கிறதில்லீங்க. நிம்மதியா இருக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பல்டாக்டர் அழுதார். உடோவின் முறை வந்தபோது, "எம் மாமனாரு தேச்ச லென்ஸு" என்று ஆரம்பித்தான். நடத்தியவர் இடைமறித்துத் திருத்தினார்: "லென்ஸ வேரிங்ஹவுஸ் தேச்சுது. மாமனார் கூட இருந்தாரு."

கடைசியில் கேமராவை எடுத்துக்கொண்டார்கள். பழுதுபார்க்க அல்ல, ஓய்வுக்கு. வந்ததிலிருந்து அது நிறைய அலைக்கழிக்கப்பட்டிருக்கிறதாம். லென்ஸையும் கழற்றித் தரவில்லை. சேர்ந்து இருந்தவர்களைப் பிரிக்கக்கூடாதாம். பிரிவைத் தாங்கிக்கொள்ள உடோவுக்கு ஓர் இரவல் கேமரா கொடுத்தார்கள். அதே எடை, அதே கறுப்பு, அதே குளிர்ச்சி. பொத்தானை அழுத்தினால் அதே மெல்லிய ஓசை. உள்ளே ஒன்றும் இல்லை. கனத்துக்காக ஈயம் வைத்திருந்தார்கள்.

"இதுல படம் விழுமா?" என்று கேட்டான்.

"விழாது," என்றாள் வரவேற்புப் பெண் பெருமையோடு. "ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட இதப்பத்திக் கொற சொன்னதில்ல."

ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் இல்கா தலையை வாரி, காதுக்குத் தோடு போட்டு, நல்ல நீலச் சட்டை உடுத்தியிருந்தாள். வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் நின்றாள். உடோவின் தோளில் அந்த ஈயக் கேமரா தொங்கியது. பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"போனக் குடு" என்றாள்.

உடோ சட்டைப்பையைத் தடவினான், கால்சட்டையைத் தடவினான். போன் டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தது. இல்காவின் போனை, உள்ளே வேண்டாம் என்று அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கதவைத் திறந்து நர்ஸ் பெயர் சொல்லி அழைத்தாள்.

"சரி, அதுலயே எடு" என்றாள் இல்கா.

"இதுல ஒண்ணும் விழாது, இல்கா."

"தெரியும். எடு."

அவள் சுவரோரம் நின்று முகவாயைக் கொஞ்சம் உயர்த்திச் சிரித்தாள். இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது. உடோ கேமராவைக் கண்ணில் வைத்தான். சாளரத்துக்குள்ளும் ஈயம்தான், ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினான். ஓசை மிக அருமையாக இருந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"காதா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

அறுவை நன்றாக முடிந்தது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. முகத்தின் வலப்பக்கம் உள்வாங்கி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. அவள் பேசுவது உடோ ஒருவனுக்குத்தான் புரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சந்தைக்கு வரவில்லை. ஏச்சு இல்லாமல் வாங்கிய சீஸ் எங்களுக்குச் சப்பென்று இருந்தது. ஆனால் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

வசந்தத்தில் வேரிங்ஹவுஸின் ஆண்டு விழா வந்தது. உடோவின் வீட்டுக்கே கார் அனுப்பினார்கள். ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கேமராவினுள் இருந்த படங்களை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை இயக்குநர் ஹாஸெல்ரோட் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் பிரமித்துப்போய்விட்டாராம். உடோ இல்காவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

மாளிகையின் பெரிய மண்டபத்தில் சுவர் உயரத்துக்கு இல்காவின் படம் நின்றது. பிளம் மரம், வானம், முகம், கறைகள். தாடைமேல் இருந்த கறை ஒரு வண்டிச்சக்கரம் அளவுக்கு வளர்ந்திருந்தது. கீழே பித்தளையில் 'முதிர்ச்சி' என்று பெயர். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கேமராவும் லென்ஸும் விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. உடோ பெட்டியைத் திறந்து தரச் சொல்லிக் கேட்டான். அது இப்போது வரலாறு, திருப்பித் தருகிற பொருள் அல்ல என்றார்கள்.

ஹாஸெல்ரோட் மேடையேறினார். உயரமான, நரைத்த, அழகான மனிதர். ஊரே அங்கே இருந்தது, நானும் இருந்தேன்.

"நண்பர்களே! மத்த கம்பெனிக்காரங்க முகத்த எடுக்கிறாங்க. முகம் யாருகிட்டதான் இல்ல? இந்தக் கறைகளப் பாருங்க. இத எங்க பொறியாளர்கள் யாரும் திட்டமிடல. திட்டமிட்டுச் செஞ்சது எதுவுமே இவ்வளவு காலம் தாங்குனதில்ல. இதச் சரிசெய்யணும்னு சிலபேர் எங்ககிட்ட வந்தாங்க. நாங்க உறுதியா நின்னோம். ஒண்ணுமே செய்யல! அந்த உறுதியோட பலன்தான் இன்னிக்கு இங்க நிக்குது."

கைதட்டல் ஓயவே இல்லை. அதற்குள் இல்கா நடந்து படத்துக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். தாடைவரை ஏற்றிக் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். ஹாஸெல்ரோட் மேடையிலிருந்து கையசைத்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல இருக்கிறவங்கள மறைக்கிறீங்க."

"அவங்கதாங்க இவங்க" என்று உடோ உரக்கச் சொன்னான்.

ஹாஸெல்ரோட் இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார், இல்காவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். நல்ல வியாபாரிக்கு எதுவும் வீணாகாது. அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இதத்தான் நாங்க எப்பவும் சொல்றோம். அசல் பாகத்த மாத்தவே கூடாது."

ஒருவர் சிரித்தார். பிறகு பலர். அது தவறு என்று உணர்ந்து கைதட்டலாக மாற்றிக்கொண்டார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

இல்கா ஒலிபெருக்கிக்காகக் கைநீட்டினாள். கொடுத்தார்கள். மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னாள். குழறல் மண்டபம் முழுக்க எதிரொலித்தது. ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினோம். ஹாஸெல்ரோட் ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நன்றி சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தார்.

"அவ அப்படிச் சொல்லல!" என்று கத்தினான் உடோ. "இதக் கழட்டுங்கன்னு சொல்றா! உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்குடா சமாதி கட்டுறீங்கன்னு கேக்குறா!"

இரண்டு காவலர்கள் வந்து, கைகளில் வெள்ளைக் கையுறையோடு, அவனை மிக மென்மையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

படத்தைக் கழற்றவில்லை. அதன் புகழ் பரவியது. கோடையில் அதையே துணியில் அச்சடித்து, சந்தைத் திடலைப் பார்த்தாற்போல் நகரமன்றத்தின் சுவரில் தொங்கவிட்டார்கள். நகரமன்றம் அதற்காக வேரிங்ஹவுஸுக்கு நன்றித் தீர்மானமும் போட்டது.

அதே கோடையில் இல்கா சந்தைக்குத் திரும்பினாள். பேச்சு கொஞ்சம் தெளிந்திருந்தது. பொறுமையாகக் கேட்டால் புரியும். கழுத்துத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நின்றாள். அவள் கடைக்கு நேர் எதிரே, நான்கு ஆள் உயரத்தில், அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் சீஸை மட்டும் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டோம். வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்க்கவென்றே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை, நான் வரிசையில் நின்றபோது, முன்னால் தொப்பி போட்ட ஒரு பெண் அண்ணாந்து பார்த்தபடியே பேச்சுக் கொடுத்தாள்.

"யாரு அது? என்ன அழகு! கண்ணு அப்படியே உங்கள மாதிரி இருக்கே. உங்க தங்கச்சியா?"

இல்கா கத்தியை சீஸ்மேல் வைத்து அளவு பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக, பொறுமையாகச் சொன்னாள்.

"ஆமா. அவ பேசமாட்டா. அதான் அவள அங்க வெச்சிருக்காங்க. உங்களுக்கு எவ்ளோ வெட்டட்டும்?"